ஜாயின் தெரியாதவரும் டேட்டாபேஸில் தேட: இடையில் ஒரு வியூ

அலுவலகத்தில் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி) தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்கள் நாள் எப்படிப் போகும் என்று சொல்லவே வேண்டாம். "அந்த லிஸ்டைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்" என்று காலையில் ஒருவர் வருவார், மதியம் இன்னொருவர். எல்லாருக்கும் ஜாயின், அதாவது பல டேபிள்களை இணைத்துத் தேடும் வழி, கற்றுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நானும் வகுப்பு எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வகுப்புக்கு யாரும் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் இந்த மொழியை 'சீக்வெல்' என்ற பெயரில் முன்வைத்தபோது, நிரல் எழுதாதவர்களையும் மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். மொழி எளிதுதான், நாம் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும் டேபிள்கள்தான் ஆளை மிரட்டுகின்றன. அதனால் அவர்களுக்கும் டேபிள்களுக்கும் நடுவே ஒரு வியூவை வைத்துவிடலாம். வியூ என்பது சேமித்து வைத்த ஒரு கேள்வி, அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது ஒரே டேபிள் போலத் தெரியும்.

நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புத்தகம், உறுப்பினர், இரவல் என மூன்று டேபிள்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். செலக்ட், வேர் போன்ற கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: கேள்விகளைப் பொறுக்குங்கள்

இதுவரை உங்களிடம் வந்த கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "இன்னும் திரும்பி வராத புத்தகம் எது?" "யாரும் எடுக்கவே எடுக்காத புத்தகம் எது?" பத்து போதும்.

படி 2: வியூவை எழுதுங்கள்

உழைப்பெல்லாம் இங்கேதான். மூன்று டேபிள்களையும் இணைத்து, 'இரவல்_பட்டியல்' என்று ஒரு வியூ உருவாக்குங்கள். மூன்று குழிகள் இருக்கின்றன, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, சாதாரண ஜாயின் போட்டால் ஒருமுறைகூட இரவல் போகாத புத்தகம் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். புத்தக டேபிளில் தொடங்கி, மற்ற இரண்டையும் லெஃப்ட் ஜாயினால் சேருங்கள்; இணை இல்லாவிட்டாலும் புத்தகத்தின் வரி அதில் தங்கிவிடும்.

அடுத்தது நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். திரும்பாத புத்தகத்துக்குத் திரும்பிய தேதி 'நல்' என்று இருக்கும். புதியவர் '= நல்' என்று எழுதுவார்; ஒரு வரிகூட வராது, பிழைச்செய்தியும் வராது. 'இஸ் நல்' என்று எழுத வேண்டும் என்பதை அவர் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? வியூவுக்குள்ளேயே ஒரு கேஸ் (இப்படி இருந்தால் இதைக் காட்டு என்னும் கட்டளை) போட்டு, 'நிலை' என்ற காலத்தில் (column, டேபிளின் செங்குத்து வரிசை) 'வெளியில்', 'திரும்பியது', 'எடுக்கப்படவில்லை' என்று சொற்களாகவே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தேதி. காலத்தில் நேரமும் சேர்ந்திருந்தால், மார்ச் 1 முதல் 31 வரை என்று பிட்வீன் (இதிலிருந்து இதுவரை என்னும் கட்டளை) போடுபவருக்கு, 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவைத் தாண்டிய அன்றைய பதிவுகள் எதுவும் வராது. நேரத்தை வெட்டி, தேதியை மட்டும் வியூவில் வையுங்கள்.

படி 3: காலங்களுக்குத் தமிழ்ப் பெயர்

ஆம், வைக்கலாம். மேற்கோள்குறிகூட வேண்டாம், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டால் சரி. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் எல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'த' 3 பைட், 'தி' 6 பைட். 'திரும்பவேண்டிய_தேதி' 55 பைட்டில் அடங்கிவிடும். முன்னால் 'புத்தகம்_' சேர்த்தால் 80. பிழை என்று நிறுத்தாமல், ஒரு குறிப்பை மட்டும் காட்டிவிட்டு வாலை நறுக்கிவிடும்.

இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. காலப் பெயர்களை வியூவிலிருந்து நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

படி 4: படிக்க மட்டும் அனுமதி

தனி யூசர் உருவாக்கி, வியூவுக்கு மட்டும் செலக்ட் உரிமை கொடுங்கள். வியூ தன் உரிமையாளரின் அனுமதியில் இயங்குவதால், கீழே உள்ள டேபிள்களைத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்த யூசருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை (ஒரு கேள்வி ஓடக்கூடிய நேர வரம்பு) 30 வினாடி என்று வைத்தால், தவறிப்போய் எழுதிய கேள்வி சர்வரை மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளாது.

படி 5: பக்கத்தில் உட்காருங்கள்

இப்போது கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்:

செலக்ட் புத்தகம், உறுப்பினர் ஃப்ரம் இரவல்_பட்டியல் வேர் நிலை = 'வெளியில்' ஆர்டர் பை திரும்பவேண்டிய_தேதி;

அவரே தட்டட்டும், நீங்கள் கீபோர்டைத் தொடாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தக் காலத்தின் பெயர் சரியில்லை என்று அர்த்தம், குறித்துக்கொண்டு மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்தும் உங்களிடம் வரும் கேள்விகளைப் பார்த்தால், எந்தக் காலம் விடுபட்டது என்பது புரிந்துவிடும். புதிய காலத்தைக் கடைசியில் சேர்த்தால் இருக்கும் வியூவை அப்படியே மாற்றி எழுதும் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கட்டளை போதும். நடுவில்தான் வேண்டும் என்றால், வியூவை அழித்துத் திரும்ப எழுதி, செலக்ட் உரிமையையும் மறுபடி கொடுக்க வேண்டும்.