ஏர் ரைபிளுக்கு எந்த அளவு பெல்லட்?

பத்து மீட்டர் தொலைவில் காகித இலக்கைச் சுட்டுப் பழகுபவர், புதிதாக ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) வாங்கும்போது, குழல் விட்டம் 5.5 மி.மீ. உள்ள ரகத்தை விட்டுவிட்டு 4.5 மி.மீ. ரகத்தையும், அதற்குத் தட்டை முனை பெல்லட்டையும் (சிறு ஈயக் குண்டு) தேர்ந்தெடுப்பது நல்லது. ஒலிம்பிக் போட்டியிலும் இதே அளவுதான்.

4.5 மி.மீ. பெல்லட் ஏறத்தாழ அரை கிராம் எடையும், 5.5 மி.மீ. பெல்லட் ஏறத்தாழ ஒரு கிராம் எடையும் உள்ளவை என்பதால், துப்பாக்கியின் ஆற்றல் ஒன்றாகவே இருந்தாலும் சிறியது வேகமாகச் சென்று பாதையில் குறைவாகத் தாழ்கிறது. ஈயம் குறைவாகச் செலவாவதால் பொதுவாக விலையும் குறைவு. தட்டை முனை காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டுவதால், பத்துப் புள்ளிக்கான இடம் 0.5 மி.மீ. விட்டமே உள்ள இலக்கில், மதிப்பெண்ணைச் சண்டையின்றிக் கணக்கிடலாம். ஒரே அளவிலும் 4.49, 4.50 மி.மீ. எனப் பெல்லட்டின் தலை விட்டம் மாறும். எது நன்றாகப் பொருந்தும் என்பது குழலுக்குக் குழல் மாறும் என்பதால், மொத்தமாக வாங்கும் முன் ஒரு சிறு டப்பாவைச் சுட்டுப் பார்ப்பதே சிக்கனம். அதே அளவில் விற்கும் எஃகுக் குண்டுகளை மட்டும் இதில் போட வேண்டாம்; அவை குழலின் உட்புறச் சுருள் வரிகளைத் தேய்த்துவிடும்.

இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் தட்டை முனை விரைவாக வேகம் இழப்பதால், அங்கே உருண்டை முனையே பொருந்தும். ஏற்கெனவே 5.5 மி.மீ. துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் இக்குறிப்பு உதவாது. குழலின் அளவே பெல்லட்டின் அளவு, சிறியதைப் போட்டால் தளர்ந்து காற்று கசியும்.