மார்கழி விடியலில் கடலூர்–புதுச்சேரி: குளிராமல் வண்டி ஓட்டுவது எப்படி

"கடலூரில் என்னங்க குளிர்?" என்று கேட்பவர்கள், மார்கழியில் காலை ஐந்து மணிக்கு ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் தொழிற்பேட்டைகளில் காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ரெட்டிச்சாவடி வருவதற்குள் விரல் மரத்துப்போகும், கன்னியக்கோயில் தாண்டினால் பல் கிட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆகவே பிப்ரவரி வரைக்கும் இந்த யோசனைகள் தேவைப்படும்.

இந்தக் குளிரின் இயல்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெப்பமானி 20, 21 டிகிரிதான் காட்டும். நின்றுகொண்டிருந்தால் ஒரு முழுக்கைச் சட்டையே போதும். ஆனால் நம் தோல் 33 டிகிரி வாக்கில் இருக்கிறது. அதை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்று எப்போதும் படிந்திருக்கும். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் காற்று நம்மேல் மோதி, அந்தப் படிவை உருவிக்கொண்டே இருக்கும். உடம்பு மறுபடி சூடாக்கும், காற்று மறுபடி உருவும். போதாக்குறைக்கு வாடைக்காற்று வடக்கிலிருந்து வருகிறது, நாம் போவதும் வடக்கே. ஆகவே நமக்கு வேண்டியது தடியான ஸ்வெட்டர் அல்ல, காற்றை மறிக்கும் ஒரு தடுப்பு. அப்புறம் ஈரம் படாமல் இருக்க வேண்டும். நம் கடற்கரைக்கு இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் சீட்டைத் துடையுங்கள்

இரவு வானம் தெளிவாக இருந்தால் வாசலில் நிற்கும் வண்டி பனியில் நனைந்துவிடும். அப்படியே ஏறி உட்கார்ந்தால் பேன்ட் ஈரமாகி, அந்த ஈரம் காற்றில் காயக் காயத் தொடையும் இடுப்பும் சில்லிட்டுவிடும். காய்ந்த துணியால் சீட்டையும் ஹேண்டில் பிடியையும் துடையுங்கள். இரவே சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவைப்பது இன்னும் சுலபம்.

காற்றுத் தடுப்பு

ஜாக்கெட் வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று பட்டால் அது வண்டிக்கு ஆகாது. பின்னல் ஸ்வெட்டர் எதுவும் இதில் தேறாது. பருத்தி ஜெர்கினும் பெரும்பாலும் தேறாது. மெல்லிய நைலான் விண்ட்சீட்டர் தேறும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்த ஒரு சோதனையோடு தேடினால் மலிவாகவே கிடைக்கும். ஜாக்கெட்டுக்குத் தனியாகச் செலவழிக்க மனமில்லையா? மழைக்காலத்தில் வாங்கிய ரெயின்கோட்டின் மேல்சட்டையை எடுத்துப் போடுங்கள். 25 கிலோமீட்டருக்குள் முடிகிற பயணத்துக்கு அதைவிட நல்ல தடுப்பு இல்லை என்பது என் எண்ணம்.

துணி நன்றாக இருந்தாலும் ஜிப் வழியாகக் காற்று நுழையும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வதில் அர்த்தம் இருக்கிறது, ஜிப் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. அது பிடிக்காதவர்கள் ஒரு முழு நாளிதழை நான்காக மடித்து, ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் இடையில் மார்பின் மேல் வைத்துக்கொள்ளலாம். மலையிறக்கத்தில் சைக்கிள் பந்தயக்காரர்கள் வெகுகாலமாகச் செய்து வந்த உபாயம் இது. தாள் காற்றை மறிக்கும், மடிப்புகளுக்குள் இருக்கும் காற்று சூட்டைப் பிடித்துவைக்கும்.

உள்ளே பருத்தி பனியனைவிட விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியெஸ்டர் டி-சர்ட் மேல். வியர்த்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

விரல்கள்

எனக்கு அதிக நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிளவுஸ் போட்டும் விரல் மரக்கிறது என்றால், குறை கிளவுஸில் மட்டும் இருக்காது. மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே மேலே சொன்ன தடுப்பை முடித்துவிட்டுத்தான் கைக்கு வர வேண்டும். மார்பை மூடிய பிறகு அதே பழைய கிளவுஸ் நன்றாக வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

கம்பளி கிளவுஸ் வேண்டாம். காற்று அதற்குள் தாராளமாகப் போகும், ஹேண்டில் பிடியும் வழுக்கும். தோல் கிளவுஸ், அல்லது உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த பைக் கிளவுஸ் வாங்குங்கள். இறுக்கமான அளவு கூடாது, விரலை அழுத்தினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். கடையிலேயே போட்டுக்கொண்டு உங்கள் வண்டியில் உட்கார்ந்து கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் சரியாக எட்டுகிறதா என்று பாருங்கள். கையில் கம்பளி கிளவுஸ்தான் இருக்கிறது என்றால், உள்ளே மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் கிளவுஸ் போட்டுச் சமாளிக்கலாம். அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் உள்ளே வியர்த்துவிடும்.

அடுத்தது மணிக்கட்டு. ஓட்டும்போது கை முன்னால் நீண்டிருப்பதால் சட்டைக் கையின் வாய் காற்றைப் பார்த்துத் திறந்திருக்கும். அதில் நுழையும் காற்று அக்குள் வரை போகும். பழைய சாக்ஸின் கணுக்கால் பகுதியை வெட்டி, பாதி கிளவுஸ் மேலும் பாதி ஜாக்கெட் கைமேலும் வரும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக லீவர். அலுமினிய லீவர்மேல் எப்போதும் இரண்டு விரலை வைத்தபடி ஓட்டுபவர்களுக்கு அந்த இரண்டு விரல்தான் முதலில் மரக்கும். உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. வண்டி உதிரிபாகக் கடைகளில் லீவருக்கு மாட்டும் ரப்பர் உறை கிடைக்கும். மாட்டியதும் லீவரை முழுக்க அழுத்தி, தட்டாமல் திரும்பி வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

விரல் உணர்விழந்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அப்போது வேகம் காட்டாதீர்கள். கிருமாம்பாக்கத்திலோ தவளக்குப்பத்திலோ நிறுத்தி, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், அல்லது டீ கிளாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்ஜினிலும் சைலன்ஸரிலும் கை வைத்துக் குளிர்காய்வது ஆபத்து. மரத்த விரலுக்குச் சுடுவதே தெரியாது.

தலை, கழுத்து, கால்

முகம் மூடிய ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் இருந்தால் போதும். உள்ளே தடித்த மங்கி குல்லா போடாதீர்கள், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. மெல்லிய பைக் மாஸ்க் போட்டு, அதன் நுனியை ஜாக்கெட் காலருக்குள் செருகுங்கள். கழுத்தும் சேர்ந்து மூடிவிடும்.

மூச்சுபட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கினால் ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு எடுத்து, உள்பக்கம் தடவிக் காயவிட்டு, மெல்லிய துணியால் தெளிவாகும்வரை துடைத்தாலும் மங்குவது குறையும். ஏற்கெனவே மங்காத பூச்சு உள்ள கண்ணாடிக்கு இதைச் செய்ய வேண்டாம். பாகூர்ப் பக்கம் வயல்வெளியில் மூடுபனி இறங்கியிருந்தால் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

ஸ்கூட்டர் என்றால் முன்தகடு காலைக் காக்கும். பைக்கில் முழங்கால்தான் முன்னால் நிற்கும், ரெயின்கோட் பேன்ட் போதும். செருப்பு வேண்டாம், ஷூ.

பிறகு சேர்த்தது

புடவை, சுடிதாரோடு ஸ்கூட்டர் ஓட்டும் அக்காமார்கள் சிலர், துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்டிருந்தார்கள். ஊதிப் பாருங்கள், காற்று அப்படியே போகும். முனை பறந்து சக்கரத்தில் சிக்கும் அபாயமும் உண்டு. துப்பட்டாவை உள்ளே செருகி, அதன்மேல் விண்ட்சீட்டர் போட்டு ஜிப்பை மேலே வரை இழுத்துவிடுங்கள்.

இன்னொருவர் குழந்தையைப் பற்றிக் கேட்டார். ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைத்தால் மோதும் காற்று முழுவதும் அதன்மேல்தான். நமக்குக் குளிராது, நாம் கவனிக்கவும் மாட்டோம். சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். முன்னால் நிற்கவைக்காதீர்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போனால் ஹெல்மெட்டும் ஓட்டுபவர் உடம்போடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். வேகம் குறைந்தால் குளிரும் குறையும். இடையில் நிறுத்தி, குழந்தையின் கிளவுஸைக் கழற்றி விரலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சூடாகும்வரை கிளம்ப வேண்டாம்.