கொந்தளிப்பான காலத்தில் மக்களை வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தென்னாப்பிரிக்கா தரும் பாடங்கள்

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து விடுதலையானதற்கும் 1994 ஏப்ரலில் அனைத்து மக்களும் வாக்களித்த முதல் தேர்தலுக்கும் இடைப்பட்ட காலத்தில், தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் அரசியல் வன்முறைக்குப் பலியாயினர். வெள்ளையர் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே ஊர்கள் எரிந்தன. தலைவர்கள் எங்கே தவறினார்கள், எங்கே தவறாமல் காத்தார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு காலத்தை நான் அறியேன்.

முதல் தவறு, துக்க வீட்டுக்கு அதிகாரத்தின் கோலத்தில் செல்வது. 1992 ஜூன் 17 இரவு, போய்பட்டாங் என்ற குடியிருப்பில் 45 பேர் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் அருகிலிருந்த தொழிலாளர் விடுதியைச் சேர்ந்த, மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸுக்குப் போட்டியான இன்காதா கட்சியின் ஆதரவாளர்கள். ஆனால் காவல்துறையும் இதற்குத் துணைபோனது என்றே ஊர்மக்கள் உறுதியாக நம்பினர். மூன்றாம் நாள் குடியரசுத் தலைவர் டி கிளார்க், அதே காவல்துறை புடைசூழ அங்கே சென்றார். மக்கள் அவரை விரட்டியடித்தனர். அவர் காரை விட்டு இறங்காமலே திரும்பினார். அதன் பின் காவலர்கள் சுட்டதில் மேலும் உயிர்கள் போயின. ஆறுதல் சொல்ல வருபவருடன் யார் வருகிறார்கள் என்பதைத்தான் துயரத்தில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் தவறு இதைவிடக் கொடியது. அதைச் செய்தவர்கள் விடுதலையின் பக்கம் நின்றவர்கள் என்பதால் இன்னும் வேதனையானது. போய்பட்டாங் மூட்டிய சினம் அடங்காத நிலையில், 1992 செப்டம்பர் 7 அன்று ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் சுமார் 80,000 பேருடன், கறுப்பினத்தவருக்கென வெள்ளை அரசு ஒதுக்கிய சிஸ்கெய் பகுதியின் தலைநகர் பிஷோவை நோக்கிப் பேரணி நடத்தியது. விளையாட்டரங்கம் வரை செல்லவே அனுமதி இருந்தது. வேலியில் ஓர் இடைவெளி இருந்ததைக் கண்டு, இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ரோனி காஸ்ரில்ஸ் ஒரு பகுதியினரை அதன் வழியே நகரை நோக்கி அழைத்துக்கொண்டு ஓடினார். படையினர் சுட மாட்டார்கள் என்ற கணக்கு பொய்த்தது. பேரணியில் வந்தவர்களில் 28 பேர் மாண்டனர். சுட்டவர்களின் குற்றம் எவ்வகையிலும் குறைந்துவிடாது. ஆயினும் தலைவரை நம்பிப் பின்னால் ஓடி வருபவர்களுக்கு எதிரே துப்பாக்கி இருக்கிறதா என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் முன்னால் ஓடியவர். விசாரணை நடத்திய கோல்ட்ஸ்டோன் ஆணையமும் காஸ்ரில்ஸின் செயலைக் கண்டித்தது.

இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு 1993 ஏப்ரல் 10-ஐப் பார்க்க வேண்டும். அன்று இளைஞர்கள் உயிராய் நேசித்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானி தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. ட்ரான்ஸ்கெயில் தம் வீட்டில் இருந்த மண்டேலா, சபலேலே என்ற சிற்றூருக்குச் சென்று ஹானியின் தந்தையிடம் துக்கம் விசாரித்துவிட்டே ஜோகன்னஸ்பர்க் சென்றார். பிறகு தொலைக்காட்சியில் பேசியபோது, கொன்றவன் வெள்ளையன் என்பதை மறைக்கவில்லை. கார் எண்ணைக் குறித்துக் கொடுத்து அவன் பிடிபட வழி செய்தவரும் டச்சு வழிவந்த ஆப்பிரிக்கானர் இனத்து வெள்ளைப் பெண்மணியே என்பதையும் சேர்த்துச் சொன்னார். கோபத்தை அடக்கி வைக்கச் சொல்வது மூன்றாம் தவறு. அதைச் செய்யாமல், அவருடைய இயக்கம் ஒரு வாரம் முழுக்க நாடெங்கும் பேரணிகளுக்கும் கூட்டங்களுக்கும் ஏற்பாடு செய்தது. வன்முறை முற்றிலும் நின்றுவிடவில்லை, சிலர் உயிரிழந்தனர். அஞ்சிய போர் மட்டும் மூளவில்லை.

கூட்டத்துக்கு இனிப்பதை மட்டும் பேசுவது இன்னொரு தவறு. ஹானிக்காகச் சொவெட்டோவில் கூடியவர்களிடம், டி கிளார்க்கின் ஆளும் தேசியக் கட்சியும் இரங்கல் செய்தி அனுப்பியிருக்கிறது என்று மண்டேலா சொன்னபோது கூச்சல் எழுந்தது. கூச்சல் எழும் என்பதை அறியாதவரல்லர் அவர். தம் மக்களே தம்மைக் கூவி எதிர்க்கும் அந்தச் சில நிமிடங்களைத் தாங்க முடியாத தலைவர்கள்தான், நெருக்கடியில் கூட்டத்தின் பின்னால் போகத் தொடங்குகிறார்கள்.

கடைசியாக, எதற்கு என்று சொல்லாமல் பொறுமை காக்கச் சொல்வது. பல ஆண்டுகள் பொறுத்தவர்களிடம் வெறும் பொறுமையை மீண்டும் கேட்பது அவமதிப்பாகவே படும். ஹானியின் கொலைக்குப் பின், தேர்தல் நாளை உடனே அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இயக்கம் மேசையின் நடுவே வைத்தது. எட்டே வாரங்களில், 1993 ஜூன் 3 அன்று, பேச்சுவார்த்தையாளர்கள் அந்த நாளைக் குறித்தனர்: 1994 ஏப்ரல் 27.