ஊருணிக்கு அரசுப் பணம் கேட்கப் போகிறீர்களா? வரத்துக்காலில் தொடங்குங்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஊருணியைச் சென்ற ஆண்டு தூர்வாரினார்கள். மண்ணுக்குள் கிடந்த செம்புறாங்கல் படிகள் எல்லாம் வெளியே வந்தன. கார்த்திகை மழை கொட்டியும் முழங்கால் அளவுதான் தண்ணீர். நான் எழுதிக் கொடுத்த மனுவில் ஊருணி இருந்தது, அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் இல்லை.

1. சர்வே எண்கள். என் கால் இடறிய இடம் இதுதான். அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் 'அ' பதிவேட்டை, அதாவது எந்த எண் நிலம் யார் பெயரில், என்ன வகை என்று சொல்லும் பதிவேட்டைப் பாருங்கள். ஊருணிக்கு ஒரே எண் இருக்கலாம். வரத்துக்காலோ நான்கைந்து எண்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் புறம்போக்கா, கோயில் சொத்தா, பட்டாவா என்று குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தார் வெட்டிய ஊருணிகள் நம் பக்கம் நிறைய. வெட்டியது யார் என்பது வேறு, பதிவேட்டில் யார் பெயர் என்பது வேறு. எங்கள் கால்வாய் ஒரு தென்னந்தோப்பில் மறைந்துபோனதால் அது தனியார் நிலம் என்று விட்டுவிட்டேன். பிறகு புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வாங்கிப் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு, தனி எண்!

மேலே உள்ள கண்மாயையும் சேர்க்கிறீர்கள் என்றால் ஆயக்கட்டை, அதாவது அது பாசனம் தரும் நிலப் பரப்பைக் கேளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை.

2. கால்வாய் நெடுக நடந்து பாருங்கள். மட்டம் பார்க்கக் கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் போதும்.

3. கிராம சபைத் தீர்மானம். சபை கூடும் நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'ஊருணியும் வரத்துக்காலும்' என்று எல்லா எண்களோடும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பீடு தயாரிப்பவர் தீர்மானத்தில் இருப்பதைத்தான் அளப்பார்.

4. திட்டம். 2022இல் வந்த ஒன்றிய அரசின் நீர்நிலைத் திட்டமான அம்ரித் சரோவருக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் வேண்டும். எங்களுடையது முக்கால் ஏக்கர். ஆகவே மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டம்: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். மனு ஆட்சியருக்கு. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளிடம் முன்பே பேசிவையுங்கள், தொகை ஒரே நாளில் சேராது.

நீர்நிலைக்குப் பணம் கேட்டு, அதற்குத் தண்ணீர் வரும் வழியை விட்டுவிடும் இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நெவாடாவில் வாக்கர் ஏரி போன்ற பாலைவன ஏரிகளுக்கு நீர் சேர்க்க 2002இல் 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் தண்ணீர் உரிமையை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்! விற்க முன்வருவோரிடம் வாங்க 2005இல்தான் 7 கோடி டாலர் தனியாக வந்தது.

பின்சேர்க்கை: கால்வாய் ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் காட்டலாம் என்று முதலில் எழுதியிருந்தேன். அது பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் திருத்தினார். புறம்போக்குக் கால்வாய் என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் கொடுங்கள். புலப்பட நகலை இணைக்க மறக்காதீர்கள்.