இரண்டு ஓஎஸ் உள்ள கணினியில் புளூடூத் ஹெட்செட்: டிரைவரை அழிப்பதற்கு முன்

சிங்கப்பூரின் யீஷூனில் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். பாடத்துக்கு உபுண்டு, விளையாட்டுக்கு விண்டோஸ், இரண்டு ஓஎஸ்ஸும் (இயங்குதளமும்) ஒரே லேப்டாப்பில். "மாமா, உபுண்டுல ஒரு தடவை ஹெட்செட்டைச் சேர்த்துட்டா, அப்புறம் விண்டோஸ்ல சேரவே மாட்டேங்குது" என்றான். அதற்குள் விண்டோஸ் டிரைவரை, அதாவது புளூடூத் சிப்பை இயக்கும் மென்பொருளை, மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி போட்டிருந்தான். ஒரு பயனும் இல்லை.

பலரும் செய்யும் முதல் தவறு அதுதான். ஒரு ஓஎஸ்ஸில் சேர்த்ததும் மற்றதில் அறுந்துபோகிறது என்றால், பெரும்பாலும் டிரைவர் நன்றாகவே இருக்கிறது, சாவிதான் மாறியிருக்கிறது. ஹெட்செட்டும் கணினியும் முதன்முறை சேரும்போது ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. லேப்டாப்பின் புளூடூத் சிப்புக்கு முகவரி ஒன்றே. விண்டோஸ் ஓடினாலும் உபுண்டு ஓடினாலும் ஹெட்செட்டுக்கு அது ஒரே கணினிதான். எனவே உபுண்டுவில் புதிதாகச் சேர்த்ததும், அந்த முகவரிக்கு உரிய பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் பழைய சாவியோடு வந்து நிற்கிறது. கதவு திறக்காது.

ஒவ்வொரு முறையும் மறுபடி சேர்த்துக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. சேர்க்கும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் உபுண்டுவில் சேருங்கள், அப்புறம் விண்டோஸில் சேருங்கள். இப்போது ஹெட்செட்டிடம் இருப்பது விண்டோஸின் சாவி. அதைப் படியெடுத்து உபுண்டுவில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே சாவி ஆகிவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பிடிஎச்போர்ட் என்ற பிரிவுக்குள் அது இருக்கிறது. சாதாரண அட்மின் உரிமைக்குக் கண்ணில் படாது, சிஸ்டம் உரிமை வேண்டும். உபுண்டுவில், வார் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் புளூடூத், அதற்குள் லேப்டாப் சிப்பின் முகவரியைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர், அதற்குள் ஹெட்செட்டின் முகவரியைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர். அங்கே உள்ள இன்ஃபோ ஃபைலில் லிங்க்கீ என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். பிறகு புளூடூத் சேவையை மறுபடி தொடங்குங்கள்.

எழுதும்போது அவசரம் கூடாது. சாவி 32 எழுத்து. விண்டோஸில் இரண்டிரண்டாக இடைவெளி விட்டுத் தெரியும். உபுண்டுவில் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். அவன் எட்டை 'பி' என்று படித்துவிட்டான். அந்த ஓர் எழுத்தால் நீல விளக்கு அரை மணி நேரம் மின்னிக்கொண்டே இருந்தது. திருத்தியதும் மூன்று நொடியில் சேர்ந்தது. வேலை முடிந்த பிறகு எந்தப் பக்கமும் 'ரிமூவ் டிவைஸ்' கொடுக்காதீர்கள், ஹெட்செட்டை ரீசெட் செய்யாதீர்கள், சாவி போய்விடும். லோ எனர்ஜி என்னும் குறைந்த மின்சார புளூடூத் வகை மவுஸ், கீபோர்டுக்கு இந்த ஒரு சாவி மட்டும் போதாது என்பதும் நினைவிருக்கட்டும்.

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை அணைக்காமல் விடுவதும் தவறு. ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் விட்ட சிப்பை உபுண்டு எழுப்ப முடியாமல் தடுமாறுவது உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

சரி, ஹெட்செட் சேர்ந்துவிட்டது, ஆனால் மைக்கைத் தொட்டதும் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி கேட்கிறதா? இதற்கும் டிரைவரைத் திட்ட வேண்டாம். நல்ல ஒலிக்கான ஏ2டிபி முறையில் மைக் கிடையாது. மைக் திறந்ததும் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறிவிடும். அதில் ஒலியின் மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். இணைய வகுப்புக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்செட்டில் நல்ல ஒலி திரும்பிவிடும்.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்னும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுங்கள்.

கடைசியாக, ஒலி விட்டுவிட்டு வந்தால். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தாலே மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு என்று வரிசையாக நிற்கும். அவற்றில் பல புளூடூத் இருக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். புளூடூத்துக்கென யூஎஸ்பி டாங்கிள் (துளையில் செருகும் சின்னக் கருவி) வைத்திருந்தால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கின் பக்கத்தில் செருகாதீர்கள், அதுவும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு முழ நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தாலே வித்தியாசம் காதில் தெரியும்.