பெரியார் பல்கலைக்கழக ஆட்சிக்குழு: யார் அமர்கிறார்கள், எதை முடிவு செய்கிறார்கள், நம் மனுவை அங்கே சேர்ப்பது எப்படி

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தேர்வுக் கட்டணம் உயர்ந்தாலும், புதிய பாடப்பிரிவு வந்தாலும், அதற்கான இறுதி ஒப்புதல் பெரும்பாலும் சேலத்தை அடுத்த கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழக வளாகத்தில், ஆட்சிக்குழுக் கூட்டத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தத் தாளை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதைக் கேட்டறியும் வழக்கம் பெற்றோரிடமும் மாணவரிடமும் அநேகமாக இல்லை. குறை என்றால் உடனே துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். அது ஏதோ ஒரு பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. எந்தப் பொருள் எந்த அவைக்கு உரியது என்று தெரிந்து, உரிய தாளோடு, உரிய அலுவலர் வழியாகச் செல்பவரின் மனுவுக்குத்தான் பதில் கேட்கும் பிடி இருக்கும். அந்த வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், உங்கள் கல்லூரி உண்மையிலேயே பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். சேலத்தில் இந்தக் குழப்பம் எளிதில் நேரும். பல்கலைக்கழகம் இருக்கும் அதே கருப்பூரில்தான் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அது அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும், சேலம் அரசு சட்டக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவை. ஏற்காட்டில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கிளை. அங்கே ஆட்சிக்குழுவின் இடத்தில் மேலாண்மை வாரியம் இருக்கிறது. இவை எதைப் பற்றிய மனுவாக இருந்தாலும் கருப்பூருக்கு அனுப்புவதில் பயனில்லை. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கல்லூரியின் பொறுப்பு, பட்டம் மட்டுமே பல்கலைக்கழகம் வழங்குவது.

பெரியார் பல்கலைக்கழகம் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்த நாளில் தொடங்கப்பட்டது. அதுவரை இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆளுநர் இதன் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். துணைவேந்தர் முழுநேர நிர்வாகத் தலைவர். மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்தது தொடர்பாக மாநில அரசு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி நடைமுறைக்கு வந்த, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்த சட்டத் திருத்தங்களுக்கு 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. துணைவேந்தர் பதவி காலியாக இருக்கும்போது அன்றாட நிர்வாகத்தை ஒரு நிர்வாகக் குழு கவனிப்பது வழக்கம். ஆகவே மனு எழுதும் நாளில் துணைவேந்தர் பொறுப்பில் இருக்கிறாரா, குழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மனுவைப் பதிவாளர் பெயருக்கே எழுதுவது பாதுகாப்பானது. ஆட்கள் மாறினாலும் பதிவாளர் அலுவலகத் தபால் பதிவேடு மாறாது.

அலுவலகப் பேச்சில் சிண்டிகேட் என்று வழங்கும் ஆட்சிக்குழுதான் பல்கலைக்கழகத்தின் செயல் அதிகாரம் உடைய அவை. சொத்தையும் நிதியையும் நிர்வகிப்பது, ஆசிரியரையும் அலுவலரையும் நியமிப்பது, கல்லூரிகளுக்கு இணைவு வழங்குவது, தேர்வுகளை நடத்தச் செய்வது, கட்டணங்களை நிர்ணயிப்பது ஆகியவை அதன் வேலை. செனட் எனப்படும் ஆட்சிப்பேரவை அதைவிடப் பெரிய அவை. ஆண்டறிக்கையும் கணக்கும் அங்கே விவாதத்துக்கு வரும். பாடத்திட்டத்தைப் பாடத்திட்டக் குழு வகுக்க, கல்விசார் நிலைக்குழு அதைப் பரிசீலிக்கும். பணம் சம்பந்தப்பட்டவை நிதிக்குழுவைக் கடந்து ஆட்சிக்குழுவுக்கு வரும். எனவே வினாத்தாள் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது என்ற புகாரை ஆட்சிக்குழுவுக்கு அனுப்புவது வீண். அது தேர்வாணையருக்கும் பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உரியது. மாறாக, தேர்வுக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி வேண்டும் என்பது நிதியும் விதியும் கலந்த பொருள். அது ஆட்சிக்குழுவுக்கே உரியது.

உறுப்பினர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது. துணைவேந்தர், உயர்கல்வித் துறைச் செயலர், சட்டத் துறைச் செயலர், கல்லூரிக் கல்வி இயக்குநர் போன்றோர் வகிக்கும் பதவியால் உறுப்பினர்கள். வேந்தரும் அரசும் நியமிப்பவர்கள் இன்னொரு வகை. கல்லூரி முதல்வர்களிலிருந்தும் ஆசிரியர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டு வருபவர்கள் மூன்றாம் வகை. துணைவேந்தரே கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். பதிவாளர் செயலாளராக இருந்து பொருள் நிரலையும் நடவடிக்கைக் குறிப்பையும் தயாரிக்கிறார். உயர்கல்விச் செயலர் ஒருவரே பல அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களிலும் உறுப்பினர் என்பதால், ஆத்தூர்க் கல்லூரி ஒன்றின் கழிப்பறைப் பிரச்சினையோ ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் மாணவிகளின் தேர்வு மையப் பிரச்சினையோ அவர் கவனத்துக்குத் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. நம் பக்கத்தில் நின்று பேசக்கூடியவர், பெரும்பாலும், தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஆசிரியர் உறுப்பினர்தான். உங்கள் கல்லூரியின் ஆசிரியர் சங்கத்தில் கேட்டால் அவர் யார் என்று சொல்வார்கள். மனு அனுப்பிய கையோடு அதன் நகலை அவரிடமும் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு வந்திருப்பார்.

இனி, இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி: ஆட்சிக்குழுவின் தாள்களைப் படிப்பது. கூட்டத்துக்கு முன் பொருள் நிரல் தயாராகிறது. கூட்டத்துக்குப் பின் நடவடிக்கைக் குறிப்பு உருவாகிறது. நடவடிக்கைக் குறிப்பு கையில் கிடைத்தால் முதல் பக்கத்தில் உள்ள வருகைப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். வந்தவர் யார், வராதவர் யார், உறுப்பினருக்குப் பதிலாகப் பிரதிநிதி வந்தாரா என்பது அங்கே தெரியும். அடுத்து, முந்தைய கூட்டக் குறிப்பை உறுதி செய்ததும், அதன் மீது எடுத்த நடவடிக்கை அறிக்கையும் வரும். பலரும் இந்த இரண்டையும் சடங்கு என்று புரட்டிப் போய்விடுகிறார்கள். சென்ற கூட்டத்தில் செய்வதாகச் சொன்னதைச் செய்தார்களா என்று எழுத்தில் இருக்கும் இடம் அதுதான்.

அதற்குப் பிறகு வருபவற்றில் ஒப்புதலுக்கு வைத்தவை, தகவலுக்கு வைத்தவை, பின்னேற்புக்கு வைத்தவை என்ற வேறுபாட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒப்புதலுக்கு வைத்த பொருளில் குழு 'கூடாது' என்று சொல்ல முடியும். மனு கொடுப்பதற்கும் அதுவே சரியான கட்டம். பின்னேற்பு என்பது, அவசரம் கருதித் துணைவேந்தர் ஏற்கெனவே எடுத்துவிட்ட நடவடிக்கையைக் குழு பின்னர் ஏற்றுக்கொள்வது. அப்படிச் செயல்படும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளம் வந்து தேர்வைத் தள்ளிவைக்கக் கூட்டம் கூடும் வரை காத்திருக்க முடியாது. ஆனால் நிரலில் பெரும்பகுதி பின்னேற்பாகவே இருந்தால், முடிவுகள் அந்த அறைக்கு வெளியே எடுக்கப்படுகின்றன என்றுதான் பொருள். கட்டிட ஒப்பந்தமும் தற்காலிகப் பணி நியமனமும் பின்னேற்பில் வந்திருந்தால், அங்கே என்ன அவசரம் இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கூட்டம் நடக்கும் நாளில் கடைசி நேரத்தில் சேர்க்கும் பொருள்களையும் இதே கண்ணோடு பாருங்கள்: உறுப்பினர்கள் முன்கூட்டியே படிக்க வாய்ப்பில்லாத தாளில் பெரிய செலவு எதுவும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தாள்களைப் பெறுவது எப்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவே, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள குழுக்கள், வாரியங்கள் பற்றிய விவரத்தையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. முதலில் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "ஆட்சிக்குழுவின் எல்லா முடிவுகளையும் தருக" என்று எழுதினால் மறுப்புக்கு நாமே வழிவிடுகிறோம். "குறிப்பிட்ட நாளில் நடைபெற்ற ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரல், வருகைப் பட்டியல், நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று எழுதினால் அலுவலர் எடுக்க வேண்டிய கோப்பு எது என்பதில் ஐயமே இருக்காது. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் பல்கலைக்கழகத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவை எழுதும் முறைக்கு வருவோம். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து ஒரு மாணவி கருப்பூருக்கு நேரில் வர வேண்டுமென்றால், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் புதிய பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து ஓமலூர் வழிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கூலியும் வகுப்பும் போய்விடும். ஆகவே விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துவதே போதும். முகவரி: பதிவாளர், பெரியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலை நகர், சேலம் 636 011. நேரில் கொடுப்பவர்கள் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பக் கூடாது.

மனுவின் தலைப்பகுதி அலுவலக வழக்கப்படி இருந்தால் கோப்பில் உடனே ஏறும். இப்படி எழுதலாம்:

பொருள்: முதுநிலைத் தேர்வுக் கட்டணம் – இரு தவணைகளில் செலுத்த அனுமதி – ஆட்சிக்குழுவின் பரிசீலனைக்கு வைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தேர்வாணையரின் சுற்றறிக்கை எண், நாள்.

பார்வையில் சுற்றறிக்கை எண்ணைக் குறிப்பிடுவது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த எண் இல்லாத மனுவை எந்தக் கோப்போடு இணைப்பது என்று உதவியாளர் தேட வேண்டியிருக்கும், தேடாமல் விட்டுவிடவும் கூடும். உடலில் மூன்று செய்திகள் போதும்: இப்போது என்ன விதி இருக்கிறது, அதனால் எத்தனை பேருக்கு என்ன இடர், அதற்குப் பதிலாக என்ன தீர்மானம் வேண்டும். மூன்றாவதை, குழு அப்படியே எடுத்து நிறைவேற்றக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "தேர்வுக் கட்டணத்தை மாணவர் விரும்பினால் இரு தவணைகளில் செலுத்த அனுமதிக்கலாம் எனத் தீர்மானிக்கலாம்." கோபத்தை எழுதும் மனுவுக்கு ஆறுதல் பதில் வரலாம், தீர்மான வாசகத்தோடு வரும் மனுவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். தனியாளின் கையெழுத்தைவிடத் துறை மாணவர் அனைவரின் கையெழுத்தும், கல்லூரி முதல்வரின் பரிந்துரையும் சேர்ந்து சென்றால் எடை கூடும்.

எல்லாக் குறையும் ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டியதில்லை. சான்றிதழ்களைத் திருப்பித் தராமை, அறிவித்ததைவிட அதிகக் கட்டணம் வசூலித்தல், பாகுபாடு போன்ற தனிப்பட்ட குறைகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளில் வேறு வழி இருக்கிறது. முதலில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பெண்ணை மறுமதிப்பீடு செய்யக் கோரும் மனுவை, குறிப்பிட்ட முறைகேடு இருந்தாலன்றி, அவர் ஏற்க மாட்டார். அதற்குத் தேர்வாணையர் அலுவலகத்தின் மறுமதிப்பீட்டு விண்ணப்பமே உண்டு. பல்கலைக்கழகக் கணக்கில் ஐயம் உள்ளவர்கள், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கை அறிக்கையைத் தகவல் உரிமை மனு மூலம் கேட்கலாம். தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு, பல்கலைக்கழகம் என்ன பதில் தந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

மனு கொடுத்து ஒரு கூட்டம் முடிந்த பிறகு, அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் பொருள் எண்ணிட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்து, ஒத்திவைக்கப்பட்டிருந்தால், அந்தப் பொருள் எண்ணையும் கூட்ட நாளையும் பார்வையில் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். வரவே இல்லையென்றால், உங்கள் மனு எந்த நாளில் பெறப்பட்டது, எந்தப் பிரிவில் உள்ளது, ஆட்சிக்குழு முன் வைக்கப்படாததற்கான கோப்புக் குறிப்பின் நகல் என்ன என்று மூன்றே கேள்விகளோடு ஒரு தகவல் உரிமை மனு போதும். பெரும்பாலும் அந்த மனுவே கோப்பை அடுத்த கூட்டத்தின் நிரலுக்கு நகர்த்திவிடும்.