சின்னப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் யூனிவர்சல்: மணிக்கூட்டை மாற்றாமல் போய்வர

சிங்கப்பூர் எங்கள் இலங்கையைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்கே சென்டோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் விளையாட்டுப் பூங்கா பெரும்பாலும் காலை பத்துக்குத் திறக்கும். வெள்ளவத்தையில் அப்போது ஏழரை. பிள்ளை முகம் கழுவி, பால் குடித்து, விளையாட நிற்கிற நேரம். எங்கள் வீட்டில் மத்தியான நித்திரை பன்னிரண்டரைக்கு. அங்கே அது மூன்று மணி. ஆகவே பூங்கா திறந்ததிலிருந்து மூன்று மணி வரைக்கும் பிள்ளையின் உடம்புக்கு அது காலை நேரம்தான், நல்ல குணத்தோடு இருக்கிற நேரம். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் பிள்ளையின் மணிக்கூட்டை மாற்றவே வேண்டாம் என்று என்னிடம் கேட்கிற எல்லாத் தாய்மாருக்கும் முதலில் சொல்வேன். எங்களுடைய கைபேசி சிங்கப்பூர் நேரம் காட்டட்டும்; சாப்பாடும் நித்திரையும் கொழும்பு நேரத்திலேயே நடக்கட்டும்.

இதை மனதில் வைத்தால் மற்ற முடிவுகள் தானாக விழும். மத்தியானச் சாப்பாடு அங்கே இரண்டரைக்கு வரும்; உணவகங்களில் சனம் குறைந்திருக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு வரும். அதனால்தான் லிட்டில் இந்தியாவில் தங்கச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் சிராங்கூன் ரோட்டில் சூடான இட்லி கிடைக்கும். புளிக்காத தயிரும் வெள்ளைச் சோறும் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். அங்கேயிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமலே ஹார்பர்ஃப்ரன்ட் போகலாம், ஐந்தாவது தரிப்பு. மேலே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ். அதில் முதல் தரிப்பில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கத்திலேயே. எல்லா இடத்திலும் லிப்ட் இருப்பதால் தள்ளுவண்டியை மடிக்கத் தேவையில்லை.

கட்டுநாயக்காவிலிருந்து நடுச்சாமம் கழிந்து வெளிக்கிடும் விமானங்கள் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கும். விலை குறைவு என்று அதை எடுத்தால் இறங்கிய அன்றைக்குப் பூங்காவுக்குப் போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும். அதற்குக் காசு இல்லை. காசு கேட்கிற இணையத்தளங்களுக்குள் போக வேண்டாம்.

இனி உயரம். வயதைவிட உயரம்தான் அந்த வாசலுக்குள் பேசும். நுழைவுச் சீட்டுக்கு வயது: நான்கு வயதுக்குக் கீழே இலவசம். விளையாட்டுகளில் ஏறுவதற்குச் சென்டிமீற்றர். வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் மூன்று கோடு போடுங்கள்: 92, 100, 102. பிள்ளையை வெறுங்காலோடு, குதிக்கால் நிலையில் முட்ட நிறுத்தி, தலையில் ஒரு கொப்பியை மட்டமாக வைத்துப் பாருங்கள். 92 தொட்டால் என்சான்டட் ஏர்வேஸ் என்ற சின்ன ரோலர் கோஸ்டரில் பெரியவரோடு ஏறலாம். 100 என்றால் பூட்ஸ் போட்ட பூனையின் விளையாட்டு. 102 என்றால் டிரான்ஸ்ஃபோமர்ஸ், ஆனால் அந்தச் சத்தமும் உதறலும் மூன்று வயதுக்கு ஆகாது. உயரம் சரி என்பதற்காக ஏற்ற வேண்டாம். மம்மி என்ற ரோலர் கோஸ்டருக்கு 122, பெரிய இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. அவை எங்கள் பிள்ளைகளின் கணக்கிலேயே இல்லை.

எங்கள் பெரியவள் 94. அந்தக் கோட்டைக் காட்டி, "இதில ஏறலாம், இதில இன்னும் கொஞ்சம் வளந்த பிறகு" என்று போகும் முன்னரே ஒரு கிழமையாகச் சொல்லி வைத்தோம். வாசலில் அளவுகோலுக்குப் பக்கத்தில் போய்த் தானாகவே முதுகை நிமிர்த்தி நின்றாள். பூனையிடம் போனபோது, "இது வளந்த பிறகு" என்று எங்களுக்கே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வரிசையின் நுனியில் வைத்து இல்லை என்று சொல்வதுதான் பிள்ளையை உடைக்கும். வீட்டில் சொன்னால் அது ஒரு செய்தி மட்டும்.

இரண்டு பிள்ளையும் 92க்குக் கீழே என்றால் என் அபிப்பிராயம் வெளிப்படையானது: ஒரு வருடம் பொறுங்கள். பெரியவர்களுக்கான சீட்டு மலிவில்லை, அதுவும் எங்கள் ரூபாயில் பார்க்கும்போது. மூத்த பிள்ளை ஒன்று கூட இருந்தால் கதை வேறு.

பூங்கா ஏறத்தாழ 49 ஏக்கர். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை அதில் ஏறத்தாழப் பாதி. அதனால் ஒத்திகைக்குத் தெஹிவளைதான் பொருத்தம். ஒரு கிழமை நாளில் அதே தள்ளுவண்டி, அதே பை, அதே சப்பாத்து, அம்மம்மாவும் கூட. ஏற்ற இறக்கம் உள்ள இடம் என்பதால் வண்டியின் சில்லு, உங்கள் முழங்கால், அம்மம்மா எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இருக்க வேண்டும் என்பது எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளை வண்டியில் சனச் சத்தத்துக்கு நடுவே நித்திரை கொள்ளுமா என்பதையும் அங்கேயே பாருங்கள். கொள்ளாது என்றால் வண்டியை மூடுகிற ஒரு மெல்லிய பருத்திச் சீலையைச் சில நாள் வீட்டில் பழக்குங்கள். காற்றுப் போக இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவுக்குத் தடையில்லை. நான் கொண்டுபோவது சமபோஷ என்ற சத்துமா. காலையில் அறையில் சுடுதண்ணீர் கொஞ்சம், சீனி கொஞ்சம் விட்டுப் பிசைந்து, பிள்ளையின் வாய்க்கு அளவாகச் சின்ன உருண்டைகளாக உருட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் போடுவேன். தண்ணீர் கூடினால் பத்து மணிக்குள் கையில் ஒட்டும்; மா உதிராமல் சேருகிற அளவோடு நிறுத்த வேண்டும். வரிசையில் நிற்கும்போது ஒன்று, அழுகை தொடங்கும் முன் ஒன்று. மத்தியானத்துக்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அந்த வெக்கைக்கு அதற்கு மேல் வைக்கக் கூடாது. மலிபன் மாரி பிஸ்கட் ஒரு பக்கெட், தண்ணீர்ப் போத்தல், பம்பர்ஸ் நினைத்ததைவிட இரண்டு கூட, மாற்று உடுப்பு இரண்டு சோடி. வேறு ஒன்றும் வேண்டாம்.

உள்ளே போனதும் எல்லாரும் பெரிய விளையாட்டுகளுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஆறுதலாக நியூயோர்க் பகுதிக்குப் போங்கள். செசமி ஸ்ட்ரீட் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் எல்மோவும் குக்கி மொன்ஸ்டரும் வருகிற ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் அங்கே இருக்கிறது. மெதுவாக மிதந்து போகும், கொஞ்சம் இருட்டு, நிறைய வெளிச்சப் புள்ளிகள், பக்கத்தில் அணைத்து வைக்கலாம். அதற்குப் பிறகு ஃபார் ஃபார் அவே பகுதி. அங்கேதான் ஷ்ரெக்கின் கோட்டை. மஜிக் போஷன் ஸ்பின் என்ற சின்ன ராட்டினத்தில் அம்மம்மாவும் ஏறலாம். 2025இல் திறந்த மினியன் லாண்டில் பகி பூகி என்ற குடைராட்டினம் இருக்கிறது. இந்த மூன்று இடம் போதும். பிள்ளை ஒன்றிலேயே திரும்பத் திரும்ப ஏறக் கேட்டால் ஏற்றுங்கள். அதற்கு அதுதான் விளையாட்டு. வரைபடத்தில் உள்ளதை எல்லாம் பார்த்து முடிக்க வேண்டும் என்பது எங்களுடைய ஆசை. இதே காரணத்தால், வரிசையில் முந்திப் போக விற்கிற எக்ஸ்பிரஸ் சீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பேன். நீண்ட வரிசைகள் பெரிய விளையாட்டுகளில்தான்.

வேடம் போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் உள்ளங்கை அளவில் கண்ட எல்மோ, நேரில் அப்பாவைவிட உயரம். சின்னவன் என் சுடிதாரின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். நாங்கள் தள்ளவில்லை. பத்தடி தள்ளி நிலத்தில் இருந்து, மற்றப் பிள்ளைகள் கட்டிப்பிடிப்பதைப் பார்த்தோம். பிறகு அக்கா போய்க் கை கொடுத்தாள். எல்மோ முழங்காலில் இருந்து, அந்தச் சிவப்புக் கையை நீட்டியபடி அசையாமல் காத்திருந்தது. சின்னவன் போய் ஒரு விரலை மட்டும் தொட்டுவிட்டு ஓடி வந்தான். படத்தில் அவனுடைய முதுகுதான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் அந்த விரலைக் காட்டிக் கதை சொல்கிறான். படத்துக்காகப் பிள்ளையை அழ வைத்து முன்னால் நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

பெரியவர்களுக்கும் ஒன்றில் ஏற ஆசை இருக்கும், அது நியாயம். ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு இருந்து, பிறகு வரிசையில் திரும்ப நிற்காமல் மாறிக்கொள்ளலாமா என்று விளையாட்டின் வாசலில் நிற்கிற ஊழியரிடம் கேளுங்கள். பிள்ளைகள் நித்திரையாகிற மூன்று மணிதான் இதற்கு நேரம். பிள்ளைகளின் அப்பா மம்மி ரோலர் கோஸ்டருக்குப் போனார். அம்மம்மா குளிரூட்டிய உணவகத்தில் இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்து தேத்தண்ணீர் குடித்தார். குளிர் கடுமை, அவருக்கு ஒரு சால்வை கட்டாயம்.

மழை எந்தப் பின்னேரமும் வரும். மின்னல் என்றால் வெளியே உள்ள விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். அதனாலும் சின்னவர்களின் வெளி விளையாட்டுகளைக் காலையிலேயே முடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையும் கூட வருகிறதென்றால் எங்கள் விடுமுறை ஆகஸ்டில் வந்தால் அதில் கிழமை நாளாகப் பாருங்கள், அங்கே பள்ளிக்கூடம் நடக்கும் காலம். ஒன்பதாம் திகதி அவர்களுடைய தேசிய தினம், அதைச் சுற்றி வேண்டாம். டிசம்பர் இரண்டு நாட்டுக்கும் விடுமுறை. சீட்டு எடுக்கும் முன் அந்த நாளில் எந்த விளையாட்டு பராமரிப்புக்கு மூடியிருக்கிறது என்று பூங்காவின் இணையத்தளத்தில் பார்க்க மறக்காதீர்கள்.

பிள்ளையின் மணிக்கட்டுப் பட்டியில் உங்கள் கைபேசி இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். காலையில் அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஐந்து மணிக்கு வெளிக்கிடலாம். அந்தப் பெரிய சுழலும் உலக உருண்டை சீட்டு வாசலுக்கு வெளியே இருப்பதால் குடும்பப் படத்தைக் காலையில் நின்று எடுத்து மினக்கெட வேண்டாம், போகும்போது எடுங்கள். பிள்ளைகளிடம் இன்னும் தெம்பிருந்தால் சென்டோசா எக்ஸ்பிரஸில் கடைசித் தரிப்பு வரை போய்க் கடற்கரை மணலில் விடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மறுநாளுக்கு எதையும் பதிவு செய்யாமல் விடுங்கள். பத்து மணி வரைக்கும் எல்லாரும் படுத்திருப்பீர்கள், விடுதியில் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிகிறது என்று முதல் நாள் இரவே கேட்டு வையுங்கள்.